செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: ஆடுகளப் பாதுகாப்பும் பயிற்றுநர் கடமையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகிகளே, பயிற்றுநர்களே, வீராங்கனைகளே, வீரர்களே, பெற்றோரே, வணக்கம்.

நமது கபடிச் சங்கத்தின் ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். போட்டி முடிவுகள் அச்சிட்டு வழங்கப்பட்டுள்ளன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். எனக்குரிய நேரத்தை ஆடுகளத்தில் உயிர்காப்பதைப் பற்றிப் பேசவே எடுத்துக்கொள்கிறேன்.

இவ்வாண்டின் உருப்படியான வேலை முதலுதவிப் பயிற்சிதான். யாரும் மோதாமலே ஒரு வீரர் சுருண்டு விழுந்து கைகால் வெட்டினால், வலிப்பு என்று முடிவுகட்டிச் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பது நம் பக்கத்து வழக்கம். திடீரென இதயம் நின்றாலும் உடல் அப்படி வெட்டக்கூடும். விட்டுவிட்டு மூச்சை இழுப்பதைச் சீரான மூச்சு என்று நம்பிவிடக் கூடாது. கூப்பிட்டால் பதிலில்லை, சீரான மூச்சில்லை என்றால் ஒருவர் 108ஐ அழைக்க, மற்றவர் உடனே நெஞ்சின் நடுவே அழுத்தத் தொடங்க வேண்டும்: நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழம். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் ஆட்டத்தின் நடுவே சரிந்த டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சனை, மைதானத்திலேயே நெஞ்சை அழுத்தி மின்னதிர்ச்சி கொடுத்து மீட்டார்கள். ஒன்றும் செய்யாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 விழுக்காடு குறைக்கிறது.

பிடியில் தலைகுப்புற விழுந்து கழுத்து வலிக்கிறது, கைகால் மரத்துப்போகிறது என்பவரை நாலுபேர் சேர்ந்து தூக்கி ஓரமாகப் போடுவதும் இன்றோடு நிற்க வேண்டும்.

எடைப் பிரிவு ஆட்டங்களுக்காக எடையைக் குறைக்கவென்று பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுக்காமல், மழைக்கோட்டு மாட்டி வெயிலில் ஓடவிடுவதை நான் பயிற்சி என்று ஏற்கமாட்டேன். உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிப் புத்தி தடுமாறினால் அது வெப்பத்தாக்கு. ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திராமல் குளிர்ந்த நீர்த்தொட்டியில் கழுத்துவரை இறக்குங்கள். தொட்டி இல்லையென்றால் ஐஸ் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் பயணம்.

உதவப்போனால் வழக்கு வருமா என்று பயிற்றுநர்கள் கேட்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு சாலை விபத்தில் உதவுபவருக்கு மட்டுமே பாதுகாப்பு. ஆனால் பிள்ளைகளைப் பொறுப்பேற்று அழைத்துச் செல்பவர் வழிப்போக்கர் அல்லர். உரிய கவனத்தோடு பார்த்துக்கொள்வது அவர் கடமை. பெற்றோரிடம் வாங்கிய சம்மதக் கடிதம் நம் அலட்சியத்தை மன்னித்துவிடாது. 18 வயதுக்கு உட்பட்டவர் மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். சங்கத்துக்குள் பேசி முடிப்பது அந்தச் சட்டப்படி தண்டனைக்குரியது.

என்னை அதிகம் உறுத்துவது இறுதியாட்டங்களில் நடப்பது. தலையில் அடிபட்டுத் தள்ளாடும் வீரர், 'ஆடுகிறேன் அண்ணா' என்றுதான் சொல்வார். கோப்பைக்காகத் தவிக்கும் பயிற்றுநரிடம் அந்த முடிவு இருக்கக் கூடாது. அடிபட்டவர் அன்று மீண்டும் களமிறங்கக் கூடாது; பின்னர் எப்போது இறங்கலாம் என்பதை மருத்துவர் சொல்லட்டும். அந்த வீரருடைய ஸ்கேன் அறிக்கையை வாட்ஸ்அப் குழுவில் போடவும் நமக்கு உரிமையில்லை.

எனவே இரண்டு தீர்மானங்களை முன்மொழிகிறேன். முதலுதவி தெரிந்தவரும் தயார் நிலையில் ஒரு வாகனமும் இல்லாத போட்டிக்கு நம் அணி செல்லாது. வரும் ஆண்டின் சீருடைச் செலவைக் குறைத்து, இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவி ஒன்று வாங்க வேண்டும். இரண்டையும் விவாதித்து நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்