இரண்டு ஆண்டுகளுக்குள் அடங்காத போர்: பெறாமகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெறாமகளுக்கு,

பல்கலைக்கழகத்துக்காக நீ எழுதிய கட்டுரை கிடைத்தது. இரண்டு முறை வாசித்தேன். "இலங்கையின் உள்நாட்டுப் போர் 1983 முதல் 2009 வரை நடந்தது" என்று தொடங்கியிருக்கிறாய். அதைப் பிழையென்று எந்த விரிவுரையாளரும் வெட்டிவிட மாட்டார். ஆனாலும் அந்த இரண்டு ஆண்டுகளைப் பற்றியும் உன்னோடு வழக்காட வேண்டும் என்று தோன்றியது.

1983 ஜூலை 23 இரவு, யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் புலிகள் நடத்திய தாக்குதலில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டார்கள். அடுத்த நாள் இரவு கொழும்பில் தொடங்கிய வன்செயல் ஒரு வாரம் நாடெங்கும் பரவியது. வெலிக்கடைச் சிறைக்குள், அரசின் காவலில் இருந்த 53 தமிழ்க் கைதிகள் ஜூலை 25, 27 ஆகிய இரு நாட்களில் கொல்லப்பட்டார்கள். இவற்றையெல்லாம் நீயும் எழுதியிருக்கிறாய். நீ விட்டுவிட்ட ஒன்று, தமிழர் வீடுகளை அடையாளம் காண வந்த கும்பல்களில் சிலவற்றின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது என்பது. இடாப்போடு வீடு தேடி வரும் கூட்டம் ஓர் இராணுவ வாகனம் தாக்கப்பட்ட கோபத்தில் ஒரே இரவில் உருவாகிவிடாது.

எங்களவர்கள் பலர் கதையை 1956இல், சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய சிங்களம் மட்டும் சட்டத்தில் தொடங்குவார்கள். அந்தச் சட்டம் எங்கள் அரசாங்க உத்தியோகத்தில் கைவைத்தது என்பதும் அதற்கு ஒரு காரணம். நான் 1948இல் தொடங்குவேன். சுதந்திரம் கிடைத்த அதே ஆண்டிலேயே, தேயிலைத் தோட்டங்களில் பல தலைமுறைகளாக உழைத்த மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் குடியுரிமைச் சட்டத்தின் மூலம் நாடற்றவர்களாக்கப்பட்டார்கள். அப்போது வடக்கின் தலைவர்களில் ஒரு பகுதியினர் அரசாங்கத்தோடு சேர்ந்துகொண்டதை எதிர்த்துப் பிரிந்த செல்வநாயகம் 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் பங்கிட்டுக்கொள்ள முடிவாயிற்று. அந்த மக்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. ஒரு கையெழுத்தால் ஒரு சமூகத்தைப் பிரித்து அனுப்பலாம் என்பதை அரசு அங்கேதான் கற்றுக்கொண்டது என்பது என் எண்ணம்.

அதற்குப் பின் வந்தவை பெரும்பாலும் கைவிடப்பட்ட உடன்பாடுகளின் கதை. 1957இல், தமிழர் பகுதிகளுக்கு ஓரளவு அதிகாரம் கொடுப்பதாகப் பிரதமர் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் செய்த ஒப்பந்தம், பிக்குமார் பிரதமரின் வீட்டு வாசலில் அமர்ந்ததும் அடுத்த ஆண்டே கிழிக்கப்பட்டது. சில வாரங்களில் 1958 கலவரம் மூண்டது. 1965இல் பிரதமர் டட்லி சேனநாயக்காவோடு செய்த ஒப்பந்தமும் நிறைவேறவில்லை. தமிழ் மாணவர்கள் கூடுதல் புள்ளி எடுத்தாக வேண்டும் என்றாக்கிய தரப்படுத்தல் பல்கலைக்கழக அனுமதியில் வந்து, 1972 அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்து, பழைய அரசியலமைப்பில் சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த 29ஆம் பிரிவும் இல்லாமற்போன பிறகே, 1976இல் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறியது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்தபோது, பேசிப் பயனில்லை என்று சொன்ன இளைஞர்களுக்கு மறுமொழி சொல்லும் தகுதியைப் பெரியவர்கள் இழந்துவிட்டிருந்தார்கள்.

இந்திய அமைதிப்படை வந்துபோனது, நோர்வேயின் ஏற்பாட்டில் 2002இல் வந்த போர்நிறுத்தம் ஆகியவற்றைச் சரியாக எழுதியிருக்கிறாய், அவற்றை விட்டுவிடுகிறேன். ஆனால் உன் பதினான்கு பக்கங்களில் 1990 ஒக்டோபர் இல்லை. வட மாகாணத்தில் வாழ்ந்த ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களைப் புலிகள் அந்த மாதத்தில் முற்றாக வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் ஒக்டோபர் 30ஆம் திகதி அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். எங்களோடு ஒரே மொழி பேசியவர்கள் நகையையும் பணத்தையும் பறிகொடுத்துப் போனபோது, அயலவர்களான நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். பயம் என்பது உண்மை. அது முழுக் காரணம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களில் பலர் புத்தளத்து முகாம்களிலேயே பிள்ளைகளை வளர்த்தார்கள். 2009க்குப் பிறகு திரும்பி வந்த குடும்பங்கள் இடிந்த சுவர்களோடும் காணித் தகராறுகளோடும் மல்லுக்கட்டின.

இனி 2009. மே 18, 19 திகதிகளில் முள்ளிவாய்க்காலில் துப்பாக்கிகள் ஓய்ந்தன என்பது சரி. இறுதி மாதங்களில் 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்பதை மறுக்க முடியாது என்று ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் சொன்னது. அரசு தானே அறிவித்த சூடு தவிர்ப்பு வலயங்களுக்குள் ஷெல் அடித்ததையும், புலிகள் மக்களை வெளியேறவிடாமல் தடுத்ததையும் அதே அறிக்கை குறிப்பிட்டது. இரண்டையும் எழுது, ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்காதே.

ஆனால் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் வீதியோரம் அமர்ந்த தாய்மாருக்கு அந்த மே மாதம் முடிவு அன்று. படையினரிடம் தங்கள் கைகளாலேயே ஒப்படைத்த பிள்ளைகள் எங்கே என்பதே அவர்களில் பலரின் கேள்வி. மரணச் சான்றிதழ் வேண்டாம் என்றவர்களுக்காக, ஆளைக் காணவில்லை என்று மட்டும் சொல்லும் ஒரு சான்றிதழை அரசு 2016இல் சட்டமாக்கியது. காணாமற்போனோர் அலுவலகமும் திறந்தது. விடை வரவில்லை, பிள்ளையைத் தேடிக்கொண்டே இறந்த தாய்மாரின் தொகைதான் கூடுகிறது. 1984இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி தோன்றியதும், தெற்கில் ஜே.வி.பி. என்ற இடதுசாரி இயக்கத்தின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபோது பிள்ளைகளைப் பறிகொடுத்த சிங்களத் தாய்மார் 1990இல் அங்கே அதே பெயரில் திரண்டதும் உன் கட்டுரையில் ஒரு பந்திக்காவது இடம் பெற வேண்டியவை. நினைவுகூர்வதற்குக்கூட இன்னும் முழு உரிமை இல்லை: 2024 மே மாதத்தில் கிழக்கில் சம்பூரில், போரின் கடைசி நாட்களில் மக்கள் குடித்த கஞ்சியின் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததற்காகப் பெண்கள் கைது செய்யப்பட்டார்கள்.

கடைசியாக ஒன்று. உன் அடிக்குறிப்புகள் எல்லாம் ஆங்கில நூல்கள். உன் அப்பாவிடமும் கேள். முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டு சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995இல் அதே ஒக்டோபர் 30ஆம் திகதி, இராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாண நகரை உள்ளடக்கிய வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் மழைக்குள் கிழக்கே தென்மராட்சி நோக்கி நடந்தது. நாவற்குழிப் பாலத்தில் அடியெடுத்து வைக்க இடமில்லை. அந்த நெரிசலில் உன் அப்பாவும் நானும் அப்புவைச் சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு போனோம். அவர் பேச மறுத்தால் வற்புறுத்தாதே. அந்த இரவைப் பற்றி நாங்கள் இருவரும் எங்களுக்குள்ளேயே இன்னும் பேசியதில்லை.

அன்புடன்,
பெரியப்பா