நிலையப் பொறுப்பு ஏற்கப்போகும் மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நலம், நலமறிய ஆவல். சிறிய ஊர்க் காவல் நிலையத்துக்குப் பொறுப்பு அதிகாரியாகப் போகிறாய். போனில் சொன்னால் பாதியிலேயே வேறு அழைப்பு குறுக்கிடும். அதனால் எழுதி அனுப்புகிறேன், நிதானமாகப் படி.

சட்டம் ஒழுங்கைப் பேணுவது, குற்றம் நடக்காமல் தடுப்பது, நடந்ததைத் துப்புத் துலக்குவது என்று துறையின் நோக்கங்களைப் பயிற்சியில் படித்துவிட்டாய். ‘காவல்துறை உங்கள் நண்பன்’ என்ற வாசகமும் நிலையச் சுவரில் இருக்கும். அது உண்மையா என்பதை மக்கள் மனு கொடுக்கும் மேசையில் தெரிந்துகொள்வார்கள். நீதிமன்றம் உன் பதிவேடுகளைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும். இந்த இரண்டையும் நேராக வைத்துக்கொள்வதுதான் உன் முதல் வேலை.

அதற்கு முன் ஆள் கணக்கு. உனக்கு மேலே ஆய்வாளர், உட்கோட்டத்துக்குத் துணைக் கண்காணிப்பாளர், மாவட்டத்துக்குக் கண்காணிப்பாளர், பிறகு சரகம், மண்டலம் என்று போகும் வரிசை உனக்குத் தெரியும். நிலையத்துக்குள்ளே இருக்கும் வரிசைதான் யாரும் சொல்லித்தராதது. பட்டியலில் 25 பேர் இருப்பதாக வைத்துக்கொள். மூன்று முறைக்கும் பாராவுக்கு, அதாவது வாசல் காவலுக்கு, 3 பேர். நிலைய எழுத்தர் 1, கணினிப் பதிவுக்கு 1, வரவேற்பு மேசைக்கு 1, நீதிமன்றப் பணிக்கு 1, சம்மன், வாரண்ட், தபாலுக்கு 2, ஓட்டுநர் 1. இதிலேயே 10 போயிற்று. அயல்பணியில் 4 பேர், வார ஓய்வில் 4 பேர், விடுப்பிலும் பயிற்சியிலும் 2 பேர் என்றால் கையில் மிஞ்சுவது 5. இரவு ரோந்துக்கு இரண்டு பீட் (சுற்றிவரும் பகுதி), பீட்டுக்கு இருவர் என்று அனுப்பினால், நள்ளிரவில் நெடுஞ்சாலையில் விபத்து என்று 112 வழியாகத் தகவல் வரும்போது நிலையத்தில் பாராவைத் தவிர ஒரே ஒருவர் இருப்பார்.

இந்த நெருக்கடியில் புதிய அதிகாரிகள் முதலில் கை வைப்பது வார ஓய்வில்தான். அதைச் செய்யாதே. தொடர்ந்து இரண்டு வாரம் ஓய்வில்லாமல் நின்ற காவலர்தான் நள்ளிரவில் மனுவோடு வரும் பெண்ணிடம் எரிந்து விழுவார். ஓய்வுப் பட்டியலை மாதத் தொடக்கத்திலேயே எழுதி எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டு. திருவிழா பந்தோபஸ்து வந்து ஓய்வு ரத்தானால், மாற்று நாளையும் அப்போதே குறித்துக் கொடு. அயல்பணிக்குப் போனவர்களைத் திரும்பக் கேட்டு எழுத்தில் கடிதம் அனுப்பு. வாய்மொழியாகக் கேட்டது யாருக்கும் நினைவிருக்காது.

எழுத்தர் ஏட்டையா பல அதிகாரிகளைப் பார்த்தவராக இருப்பார். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். மரியாதையோடு கற்றுக்கொள். ஆனால் அவர் எழுதியதைப் படிக்காமல் ஒரு தாளிலும் கையெழுத்துப் போடாதே. தனிப்பிரிவுக் காவலர் கண்காணிப்பாளருக்கு நேரடியாகத் தகவல் அனுப்புகிறவர். அவரை வேவுகாரராக நடத்தினால் ஊரில் புகையும் சாதிச் சண்டை உனக்குக் கடைசியில்தான் தெரியவரும்.

இனி மனு மேசை. இங்கேதான் நீ அதிகக் கவனம் வைக்க வேண்டும்.

மனு கொடுப்பவரை முதலில் உட்கார வை. ‘வாங்க, உட்காருங்க’ என்பது உன் வாயிலிருந்து வந்தால் பாரா காவலர் வாயிலிருந்தும் வரும். மனுவைப் படித்ததும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்: இதில் சொல்லியிருப்பது பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றமா? ஆம் என்றால் முதல் தகவல் அறிக்கை. லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2013-லேயே இதைக் கட்டாயம் ஆக்கிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 173-ஆம் பிரிவு இன்னும் தெளிவாகச் சொல்கிறது. சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிய வேண்டும். மின்னணு வழியில் வந்தால், தகவல் கொடுத்தவர் மூன்று நாளுக்குள் கையெழுத்திட வேண்டும். நகலை இலவசமாக உடனே கொடுக்க வேண்டும். மூன்று ஆண்டும் அதற்கு மேலும், ஆனால் ஏழு ஆண்டுக்குக் குறைவாகவும் தண்டனை உள்ள குற்றங்களில் மட்டும், துணைக் கண்காணிப்பாளரின் அனுமதியோடு 14 நாளுக்குள் ஆரம்ப விசாரணை செய்யலாம். பாலியல் குற்றம், ஆசிட் வீச்சு போன்றவற்றில் தகவலைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கு, புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.-இன் 199-ஆம் பிரிவில் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் இரண்டு ஆண்டு கடுங்காவல்.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் ஏன் தவறு நடக்கிறது? மாதாந்திரக் குற்றக் கூட்டத்தில் போன ஆண்டு எண்ணிக்கையோடு இந்த ஆண்டு எண்ணிக்கையை ஒப்பிடுவார்கள் என்ற பயம். அதனால் திருட்டு ‘காணாமல் போனது’ ஆகிவிடுகிறது, அடிதடி சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ஏற்பு ரசீதோடு நின்றுவிடுகிறது. சி.எஸ்.ஆர். நல்ல ஏற்பாடு. மனு கொடுத்ததற்கு எண்ணோடு கூடிய ஆதாரம் மக்கள் கையில் இருக்கிறது. ஆனால் அது முதல் தகவல் அறிக்கைக்கு மாற்று கிடையாது. சனிக்கிழமைதோறும் சி.எஸ்.ஆர். பதிவேட்டை எடுத்து, பதினைந்து நாளைத் தாண்டிய ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே என்ன நடந்தது என்று உன் கையால் எழுது. வழக்காக வேண்டியது அங்கே ஒளிந்திருந்தால் கண்ணில் பட்டுவிடும். எண்ணிக்கை கூடியதற்குக் கூட்டத்தில் நீ காரணம் சொல்லிக்கொள்ளலாம், தம்பி. மறைத்ததற்குச் சொல்ல முடியாது.

முதல் தகவல் அறிக்கைப் படிவத்தை ஒருமுறை கண்முன் வைத்துப் பார். மூன்றாவது பத்தியில் சம்பவ நேரம், நிலையத்துக்குத் தகவல் வந்த நேரம், பொது நாட்குறிப்பு எண். ஐந்தாவதில் நிலையத்திலிருந்து திசையும் தூரமும். எட்டாவதில் புகார்தாரர் தாமதமாக வந்ததற்குக் காரணம். கடைசிப் பத்தியில் நீதிமன்றத்துக்கு அனுப்பிய தேதியும் நேரமும். வழக்குகள் உடைவது பெரும்பாலும் எட்டாவதிலும் கடைசியிலும்தான். காயம்பட்டவரை முதலில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனதால் ஆறு மணி நேரம் தாமதம் என்றால் அதை அப்படியே எழுத வேண்டும். ‘தாமதம் இல்லை’ என்று பழக்கத்தில் எழுதிவிட்டால் குறுக்கு விசாரணையில் அந்த ஆறு மணி நேரம் முழுவதும் கதை கட்டியதாக ஆகிவிடும். அறிக்கை மாலை ஐந்துக்குப் பதிவாகி, மாஜிஸ்திரேட் கைக்கு மறுநாள் மதியம் போயிருந்தாலும் அதே சந்தேகம்தான் எழும். கொண்டுபோன காவலர் யார், எத்தனை மணிக்குக் கிளம்பினார் என்பது நாட்குறிப்பிலும் இருக்கட்டும்.

புகாரைச் சொல்பவரின் வார்த்தையிலேயே எழுத வேண்டும். ‘மேற்படி நபர்கள் அசிங்கமான வார்த்தைகளால் திட்டி’ என்று எல்லாப் புகாரும் ஒரே அச்சில் இருந்தால் நீதிபதி நம்பமாட்டார். எதிரியின் குடும்பத்தில் உள்ள எல்லோர் பெயரையும் சேர்க்கச் சொல்லி வற்புறுத்துவார்கள். ஒவ்வொருவரும் என்ன செய்தார் என்று கேள். பதில் இல்லாத பெயர் தானாக விழுந்துவிடும். எழுதியதைப் படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கு.

பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட பெண்ணின் தகவலைப் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும். குழந்தையாக இருந்தால் போக்சோ சட்டப்படி அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை இல்லாமல் போய் வாக்குமூலம் வாங்க வேண்டும். இரவில் உன் நிலையத்தில் பெண் காவலர் இல்லாவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்று பக்கத்து அனைத்து மகளிர் நிலையத்தோடு இப்போதே பேசி வைத்துக்கொள். சம்பவம் நடந்தபிறகு தேடாதே.

சாதி வன்கொடுமைப் புகார் சிறிய ஊரில் வராமல் இருக்காது. 1989-ஆம் ஆண்டு எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18-ஏ பிரிவுப்படி பதிவு செய்யுமுன் ஆரம்ப விசாரணை தேவையில்லை. புலன்விசாரணை துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியின் வேலை, பதிவு செய்வது உன் வேலை. ஊர்ப் பெரியவர்கள் நிலையத்துக்கு வந்து ‘பேசி முடிச்சுக்கிறோம்’ என்பார்கள். தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டுப் பதிவு செய். கடமையை வேண்டுமென்றே செய்யாத அலுவலருக்கும் அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவில் தண்டனை உண்டு.

ஓ.டி.பி. சொல்லிப் பணம் போயிற்று என்று வருபவரை மாவட்ட சைபர் பிரிவுக்குப் போகச் சொல்லாதே. மேசையிலிருந்தே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வை. வங்கிக் கணக்கு எண், பரிவர்த்தனை எண், நேரம் மூன்றும் கையில் இருக்கட்டும். பணம் அடுத்தடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் முடக்கினால்தான் மீளும்.

இனி, நிலையத்துக்கு உள்ளே வரும் ஆள். இதை எழுதும்போது என் மனம் பதறுகிறது, அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். 2020 ஜூனில் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளம் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும் உயிரிழந்தார்கள். விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட், கேமராப் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை அறிக்கையில் எழுதினார். அன்று பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர் நடந்ததைச் சாட்சியாகச் சொன்னார். அதுவும் ஒரு சிறிய ஊர் நிலையம்தான். அங்கேயும் பதிவேடுகள் இருந்தன, சுவரில் வாசகங்கள் இருந்தன.

ஆகவே ‘சும்மா விசாரிக்க’ என்று யாரையும் எழுத்தில்லாமல் கூட்டிவர விடாதே. வந்த நேரம், காரணம், கூட்டிவந்தவர் பெயர், திரும்பிப் போன நேரம் நாட்குறிப்பில் ஏற வேண்டும். பெண்கள், 15 வயதுக்கு உட்பட்டவர்கள், 60 வயதைத் தாண்டியவர்கள் ஆகியோரைச் சாட்சி விசாரணைக்கு நிலையத்துக்கு வரச் சொல்லக் கூடாது. அவர்கள் இருக்கும் இடத்துக்கு நாம் போக வேண்டும். ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றத்தில் கைது தேவையில்லை என்றால் பி.என்.எஸ்.எஸ். 35(3) பிரிவில் ஆஜராகச் சொல்லும் நோட்டீஸ் போதும். கைது செய்தால் குறிப்பாணையில் சாட்சி கையெழுத்து, காரணத்தை எழுத்தில் தெரிவிப்பது, உறவினருக்குத் தகவல், மருத்துவப் பரிசோதனை எல்லாம் அன்றே நடக்க வேண்டும். 24 மணி நேரக் கடிகாரம் ஆளைப் பிடித்த நொடியில் ஓடத் தொடங்குகிறது. எழுத்தர் எழுதி முடித்த நேரத்திலிருந்து எண்ணும் பழக்கம் எங்கே இருந்தாலும் நிறுத்து.

கேமரா விஷயத்தில் திரையில் படம் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் 18 மாதப் பதிவைச் சேமிக்கச் சொன்னது, குறைந்தது ஓர் ஆண்டாவது இருந்தாக வேண்டும். கேமரா வேலை செய்வதற்குப் பொறுப்பும் நிலைய அதிகாரிதான். வாரம் ஒருமுறை பழைய தேதி ஒன்றைச் சொல்லி அந்தப் பதிவை ஓட்டிக் காட்டச் சொல். திரையில் ஓடும் கடிகாரம் சரியா, லாக்கப் வாசல் மறைந்திருக்கிறதா, மின்சாரம் போனால் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறது, இவற்றையும் பார். பழுது என்றால் அன்றே எழுத்தில் மேலே அனுப்பு.

சோதனை, கைப்பற்றல் எல்லாம் இப்போது பி.என்.எஸ்.எஸ். 105-ஆம் பிரிவில் வீடியோ ஆக வேண்டும். பொருள் கிடைத்த பிறகு கேமராவைத் திறப்பதுதான் வழக்கமான தவறு. வீட்டுக்குள் நுழையும் முன்பே பதிவைத் தொடங்கு. மகஜரில், அதாவது கைப்பற்றிய பொருள்களின் பட்டியலில், சாட்சிகள் கையெழுத்திடுவதும் அதில் இருக்கட்டும்.

இரவு ரோந்தில் பட்டா புத்தகத்தின், அதாவது ரோந்து போகும் இடங்களில் வைத்திருக்கும் கையெழுத்துப் புத்தகத்தின், கையெழுத்துகளைப் பார். எல்லா இடத்திலும் நேரம் பத்துப் பத்து நிமிட இடைவெளியில் அழகாக விழுந்திருந்தால், உட்கார்ந்த இடத்தில் எழுதியது என்று அர்த்தம். நிலத் தகராறு, கடன் பாக்கி இரண்டிலும் நிலையத்தில் வைத்துப் பஞ்சாயத்து பேசாதே. உரிமையியல் நீதிமன்றத்தையும் இலவச சட்ட உதவி மையத்தையும் காட்டு. கைகலப்பு ஆகும் என்று தெரிந்தால் பி.என்.எஸ்.எஸ். 126, 164 பிரிவுகளில் நிர்வாக நடுவருக்கு அறிக்கை அனுப்பு.

புகார் கொடுத்தவருக்கு 90 நாளுக்குள் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிவிப்பதும் இப்போது சட்டக் கடமை. மாதக் கடைசியில் நிலுவை வழக்குகளின் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல். திருடன் அகப்படவில்லை என்ற செய்தியைக்கூட மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். யாரும் கூப்பிடவே இல்லை என்பதைத்தான் மறக்கமாட்டார்கள்.

பொறுப்பு ஏற்கும் நாளுக்கு ஒரு வார்த்தை. ஆயுத அறையில் துப்பாக்கிகளின் எண்ணையும் தோட்டாக்களின் எண்ணிக்கையையும் பதிவேட்டோடு நீயே ஒப்பிடு. வழக்குச் சொத்து அறையில் ஒவ்வொரு பொருளின் குற்ற எண்ணையும் சரிபார். நகை, பணம் இருக்கும் உறைகளில் அரக்கு முத்திரை உடைந்திருந்தால் சாட்சிகள் முன்னால் எடைபோட்டு, எண்ணி, பட்டியலில் குறித்துக்கொள். நிறைவேற்றாத பிடிவாரண்டுகளின் பட்டியலையும் கேட்டு வாங்கு. இதற்கெல்லாம் இரண்டு நாள் ஆனாலும் ஆகட்டும். மாறிப்போகும் அதிகாரி எவ்வளவு அவசரப்படுத்தினாலும், எண்ணி முடித்த பிறகே ஒப்படைப்புப் பட்டியலில் கையெழுத்துப் போடு.

அன்புடன்,
அம்மா