பில்லி மெரிடித்தின் கதையை முழுசாகச் சொல்லுங்கள்

இங்கிலாந்தின் தொழில்முறைக் கால்பந்து வீரர்கள் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். உங்கள் சங்கத்தில் சேரும் ஒவ்வோர் இளம் வீரருக்கும் அந்தக் கால வேல்ஸ் கால்பந்து வீரர் பில்லி மெரிடித்தின் கதையைச் சொல்லுங்கள், லஞ்ச விவகாரத்தையும் சேர்த்தே. இதுதான் என் வேண்டுகோள்.

வடக்கு வேல்ஸில், சர்க் ஊருக்கு அருகே, நிலக்கரிச் சுரங்கத்துக்குள் சிறுவயதிலேயே மட்டக்குதிரை ஓட்டப் போனவர் அவர். 1894இல் மான்செஸ்டர் சிட்டி கிளப்புக்கு வந்தார். 1904இல் அணித் தலைவராக, எஃப்ஏ எனப்படும் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் கோப்பையை வென்றார். போல்டனுக்கு எதிரான அந்த இறுதியாட்டத்தின் ஒரே கோலும் அவருடையதுதான். பல்குச்சியை மென்றபடியே வலது ஓரத்தில் ஓடுவாராம். கேலிச்சித்திரக்காரர்கள் சும்மா விடுவார்களா?

அப்புறம் வந்தது 1905. ஆட்டத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லி எதிரணியான ஆஸ்டன் வில்லாவின் வீரர் அலெக் லீக்கிடம் 10 பவுண்டுக்குப் பேரம் பேசினார் என்று எஃப்ஏ அவருக்குத் தடை போட்டது. முதலில் மறுத்தார். தடைக்காலத்தில் கிளப் சம்பளத்தை நிறுத்தியதும், உள்விவகாரம் எல்லாவற்றையும் போட்டு உடைத்தார். வாரம் 4 பவுண்டுக்கு மேல் யாருக்கும் சம்பளம் கூடாது என்று 1901 முதல் விதி இருந்தது. சிட்டியோ அதற்கு மேல் மறைவாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. 1906இல் சிட்டியின் 17 வீரர்கள் தண்டிக்கப்பட்டார்கள்.

லஞ்சம் தப்புதான், அதற்குச் சப்பைக்கட்டு கட்ட நான் வரவில்லை. ஆனால் ஆயிரக்கணக்கானவர்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் ஆட்டத்தில், ஆடுபவனுக்கு மட்டும் உச்சவரம்பு வைத்தது எந்த ஊர் நியாயம்? கள்ளக்கணக்கை வளர்த்ததே அந்த விதிதான் என்பேன்.

1907 புத்தாண்டு நாளில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்காக முதல் ஆட்டம். எதிரணி, பாருங்கள், அதே ஆஸ்டன் வில்லா! அந்த டிசம்பர் 2ஆம் தேதி மான்செஸ்டர் இம்பீரியல் ஹோட்டலில் உங்கள் சங்கம் பிறந்த கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. 1909 கோடையில், சங்கத்தை விட்டு விலகாவிட்டால் ஆட முடியாது என்று எஃப்ஏ மிரட்டியது. பல கிளப்புகளின் வீரர்கள் பணிந்தார்கள். யுனைடெட் வீரர்கள் பணியவில்லை. ‘தள்ளிவைக்கப்பட்டவர்கள்’ என்று பலகை எழுதிப் படமும் எடுத்துக்கொண்டார்கள். சீசன் தொடங்கும் நேரத்தில் சமரசம் ஆனது. சங்கத்துக்கு அங்கீகாரம் கிடைத்தது, உச்சவரம்பு அப்படியே நின்றது.

1920இல், 45 வயதில், இங்கிலாந்தைத் தோற்கடித்த வேல்ஸ் அணியில் ஆடினார். அது அவருடைய 48ஆவது சர்வதேச ஆட்டம். 49 வயதில் எஃப்ஏ கோப்பை அரையிறுதியில்கூட இறங்கினார். 1958இல் இறந்தார். உச்சவரம்பு ஒழிந்தது 1961இல்.

பல்லாண்டுகள் பெயர்க்கல் இல்லாமல் கிடந்த அவர் கல்லறைக்கு 2001இல் கல் வைக்க நீங்களும் வேல்ஸ் கால்பந்துச் சங்கமும் இரண்டு மான்செஸ்டர் கிளப்புகளும் செலவை ஏற்றீர்கள். அதற்கு நன்றி. அடுத்து, புதிதாக ஒப்பந்தம் போட வரும் பையன்களிடம் அந்த 4 பவுண்டு விதியையும் 10 பவுண்டு பேரத்தையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். தியாகி படம் மட்டும் காட்டி அனுப்பிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
கால்பந்து வரலாறு படிக்கும் ஒரு வாசகன்