உலைக்கு வந்து சோதித்துத் தாருங்கள்

தெர்மோகப்பிள் அளவுத்திருத்தம் செய்துதரும் ஆய்வகத்தாருக்கு,

வணக்கம். நான் மார்த்தாண்டத்தில் டென்டல் லேப் நடத்துகிறவன். செயற்கைப் பல் செய்யும் வெண்பீங்கானான சிர்கோனியாவைச் சுடும் என் உலையின் பி வகை தெர்மோகப்பிளை, அதாவது சூட்டை அளக்கும் பிளாட்டினம்-ரோடியம் கம்பி ஜோடியை, போன மாதம் சோதித்து, 'பிழை வரம்புக்குள் உள்ளது' என்று சான்றிதழ் தந்தீர்கள். அதை நம்பித்தான் திரும்ப மாட்டினேன்.

இரண்டு வாரத்தில், குளச்சலில் இருந்து ஒரு பாட்டி பஸ் ஏறி வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, இரண்டாக உடைந்த பிரிட்ஜை, விழுந்த பல்லின் இடத்தை நிரப்பும் கட்டுப்பல்லை, என் மேசையில் வைத்தார். "மக்களே, கல்லு மாதிரி இருக்கும்னு சொன்னியே" என்றார். மீன் விற்றுச் சேர்த்த பணம் அது. எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அன்றிரவே சுருக்கத்தை அளந்து வெப்பம் சொல்லும் பீங்கான் வளையத்தை உலையில் வைத்துப் பார்த்தேன். திரையில் 1500 டிகிரி. உள்ளே அதைவிட 30 டிகிரி கூடுதல். சூடு மிஞ்சினால் சிர்கோனியாவின் நுண்மணிகள் பருத்து வலு குறையும்.

உங்களுக்குத் தெரியாததல்ல. சூட்டைச் சொல்லும் மில்லிவோல்ட் மின்னழுத்தம் பிறப்பது தெர்மோகப்பிளின் முனையில் அல்ல, கம்பி சூட்டிலிருந்து குளிர்ச்சிக்கு வரும் நீளத்தில். நாள்பட்ட சூட்டில் ஒரு கம்பியின் ரோடியம் மற்றதற்குப் போகிறது. உறையின் சிலிக்காவும் பிளாட்டினத்தைக் கெடுக்கிறது. 1500 டிகிரியில் 0.1 மில்லிவோல்ட் குறைந்தாலே கிட்டத்தட்ட 9 டிகிரி பிசகும்; திரை குறைத்துக் காட்ட, உலை அந்த அளவு கூடுதலாகச் சுடும். கெட்ட பகுதி என் உலைச் சுவருக்குள் இருக்க, வேறு ஆழத்தில், அதுவும் 1100 டிகிரி வரை மட்டும் சோதித்தால் அந்தப் பிசகு எப்படித் தெரியும்? செருகிய ஆழத்தைக்கூடச் சான்றிதழில் காணோமே!

அதனால்தான் கேட்கிறேன்: கழற்றி அனுப்பச் சொல்லாதீர்கள், உலைக்கு வாருங்கள். ஒப்பிட்டுப் பார்க்க நீங்கள் வைத்திருக்கும் தரத் தெர்மோகப்பிளை என்னுடையதன் பக்கத்தில் நிறுத்தி, நான் சுடும் 1500 டிகிரியிலேயே ஒப்பிட்டுத் தாருங்கள்.

"அவ்வளவு தூரம் ஆள் அனுப்ப முடியாது" என்றார் போனில் பேசியவர். இந்தத் தூரம் எங்களுக்குப் பழகிய பதில். மெஷின் பழுதானாலும் இதையேதான் கேட்கிறோம். சிர்கோனியாவுக்கு மூலமான சிர்கான் எங்கள் மணவாளக்குறிச்சி மணலிலேயே கிடக்கிறது. அதை அள்ள வருகிறவர்களுக்குத் தூரமாகத் தெரியாத ஊர், அளக்க வருகிறவர்களுக்கு மட்டும் எப்படித் தூரமாகிறது?

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வழிச்செலவும் கட்டணமும் நான் தருகிறேன். பக்கத்து லேப்காரர்கள் மூன்று பேரும் சேர்ந்துகொள்கிறோம் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் உலை காலியாக இருக்கும். தயவுசெய்து ஒரு தேதி சொல்லுங்கள். பாட்டிக்குப் புது பிரிட்ஜ் சுட வேண்டும்; அதுவரை உலையை மூட்டாமல் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மார்த்தாண்டத்து லேப்காரன்