ஆடிக்குள் இலுப்பை விதைக்க வேண்டி கோரிக்கை மனு

அனுப்புநர்:
நாற்றங்கால் வளர்ப்போர், மாதவரம் வட்டாரம்.

பெறுநர்:
மண்டல அலுவலர் அவர்கள்,
மண்டலம் 3, பெருநகர சென்னை மாநகராட்சி, மாதவரம்.

பொருள்: பூங்கா ஓரங்களிலும் ஓ.எஸ்.ஆர். (மனைப்பிரிவுகளில் பொதுவெளிக்கென ஒதுக்கிய) நிலங்களிலும் நட 500 இலுப்பைக் கன்று வளர்ப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

நம் கடற்கரைச் சமவெளியின் உலர் பசுமைமாறாக் காட்டில் உயர்ந்து நிழல் விரிக்கும் மரங்களில் இலுப்பையும் ஒன்று. ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். ஆலைகளுக்குக் குறைவில்லாத வடசென்னையில் இலுப்பைக் கன்றுக்குத்தான் பஞ்சம். காரணம் விதை.

இலுப்பை விதை காய்ந்தால் செத்துவிடும். பழம் விழுவது ஆனி, ஆடியில். ஒப்பந்தப்புள்ளி முடித்துப் புரட்டாசியில் விதை வாங்கினால் பை நிறைய மண்தான் மிஞ்சும். செக்குக்குப் போகும் விதை மலிவு, ஆனால் வெயிலில் உலர்த்தியது, வாங்க வேண்டாம். விழுந்த பழத்தைப் பொறுக்கி, அன்றே சதை நீக்கிக் கழுவி, நிழலில் ஈர மணலில் வைத்து, ஒரு வாரத்துக்குள் விதைக்க வேண்டும். வௌவால் தின்று போட்ட கொட்டையும் புதிதாக இருந்தால் ஆகும். அகன்ற இலையுள்ள வட இந்திய மகுவா வேறு வகை; நமக்கு வேண்டியது குறுகிய இலையுள்ள நம்மூர் இலுப்பை.

500 கன்று தேற 800 விதையாவது போட வேண்டும். செம்மண் 2, மணல் 1, மட்கிய தொழுவுரம் 1 என்று கலந்து, விதையைப் படுக்கவைத்து 2 செ.மீ. ஆழத்தில் ஊன்றலாம். ஆணிவேர் வேகமாக இறங்கும் என்பதால் 30 செ.மீ. உயரப் பை தேவை. குட்டைப் பையில் வேர் சுருண்டுவிடும். அப்படிப்பட்ட கன்று நட்டபின் வளராமல் அப்படியே நிற்கும். பையைத் துளைத்து வேர் தரையில் இறங்காதபடி மாதம் ஒருமுறை இடம் மாற்றி வைக்க வேண்டும். வளர்ச்சி மெதுவு. ஓராண்டுக்கு முன் கன்று கேட்டு அவசரப்படுத்த வேண்டாம்.

நடவு அடுத்த ஆண்டு ஐப்பசி மழையோடு. 45 செ.மீ. குழி, கன்றுக்குக் கன்று 5 மீட்டர், இடையில் களா, காசான் ஆகிய புதர்ச்செடிகள். மாதவரத்துக் களிமண்ணில் நீர் தேங்கிக் குழியே குட்டையாகிவிடும். ஓரடி மேடு கட்டி அதன்மேல் நட வேண்டும். முதல் இரண்டு கோடைக்கு வாரம் ஒரு தண்ணீர், ஆடு மாடு எட்டாத கூண்டு இரண்டும் மதிப்பீட்டிலேயே சேரட்டும். கூண்டுக் கம்பியைத் தண்டோடு கட்டினால் பட்டை அறுபடும்.

எனவே விதை சேகரிப்புக்கும் பைக்குமான அனுமதியை வைகாசிக்குள் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மாதவரம் வட்டார நாற்றங்கால் வளர்ப்போர்