நாலாவது கட்டம்

அடியே கோயம்புத்தூர்க்காரி,

திட்டாத. நீ அனுப்புனதெல்லாம் பாத்துட்டு பதில் போடாம மாசக்கணக்கா ஓட்டிட்டேன், தெரியும். அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, சின்னவ ப்ளஸ் ஒன் சேந்துட்டா, வீட்டுக்காரர் அப்படியேதான் இருக்கார், அதுல நியூஸ் ஒண்ணுமில்ல. போதுமா?

இப்ப விஷயத்துக்கு வரேன். அடுத்த மாசம் வட்டார வள மையத்துல க்ளாஸ் டீச்சர்களுக்கு ட்ரைனிங், உள்ளடக்கிய கல்வி, அதான் மாற்றுத்திறன் பிள்ளைங்களையும் எல்லார் கூடவும் ஒரே க்ளாஸ்ல வச்சு சொல்லிக் குடுக்குறது, அதப் பத்தி ஒரு மணி நேரம் சிறப்பு ஆசிரியர்ங்கற முறையில என்னைப் பேசச் சொல்லிட்டாங்க. வழக்கமா என்ன பேசுவோம்? மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 சட்டத்துல 7 வகை குறைபாடு, 2016 சட்டத்துல 21 வகை, ஐஇபி (ஒவ்வொரு புள்ளைக்கும் தனியா போடுற கல்வித் திட்டம்) எப்படி எழுதணும், யூடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) எங்க வாங்கணும், அப்புறம் டீ, பஜ்ஜி. எல்லாரும் தலையாட்டுவாங்க, திங்கக்கிழமை க்ளாஸ் அப்படியேதான் இருக்கும். இந்த தடவ எனக்கு டீச்சரோட மனசுக்குள்ள என்ன நடக்குதுங்கறத மட்டும் பேசணும்னு வெறி புடிச்சிருக்கு. சிரிக்காத, நான் சாமியாரிணி ஆகல.

எல்லாம் அந்த நடத்தை சார்ட்ல ஆரம்பிச்சுது. மூணு கட்டம் போடுவோம்ல, முன்னாடி என்ன நடந்துச்சு, பையன் என்ன பண்ணான், அப்புறம் என்ன ஆச்சுன்னு. மொதக் கட்டத்துல பாதி நேரம் "காரணம் தெரியல"ன்னுதான் எழுதுவாங்க. நான் சும்மா ஸ்கேல் வச்சு நாலாவதா ஒரு கட்டம் இழுத்து "அந்த நேரத்துல எனக்கு என்ன இருந்துச்சு"ன்னு தலைப்பு போட்டு, பழகுன டீச்சர்ங்ககிட்ட மட்டும் குடுத்தேன், யாருக்கும் காட்ட வேணாம், பேரு வேணாம், தோணுறத எழுதுங்கன்னு. கோபம்னுதான் வரும்னு நெனச்சேன்டி. வந்தது மானம். ஹெச்எம் வராண்டால நடந்து வராங்க, அவன் டேபிள் அடியில கெடக்குறான், என்னைப் பத்தி என்ன நெனப்பாங்க. பேரன்ட்ஸ் வாசல்ல நிக்குறாங்க, இவ கத்துறா. அந்த நேரத்துல டீச்சர் குரல் ஏறுது, தோள் இறுகுது, அது புள்ளைக்கு நம்மளவிட முன்னாடி தெரிஞ்சு காத பொத்திக்குது. நாலாவது கட்டம் நெரம்புனதும் மொதக் கட்டமும் தானா நெரம்ப ஆரம்பிச்சுருச்சு.

உடனே எல்லாத்துக்கும் டீச்சர்தான் காரணம்னு நான் சொல்ல வரல. தலைய செவுத்துல இடிச்சுக்கிட்ட ஒரு புள்ளைக்கு காதுல சீழ் வச்சிருந்துச்சு, மொதல்ல டாக்டர், பசி, தூக்கம், வலிப்பு மாத்திரை, அதெல்லாம் பாத்துட்டுதான் மனசு.

இத நம்ம பிசியோ அக்காகிட்ட சொன்னேன். (ரிட்டயர் ஆகியும் வாய் ரிட்டயர் ஆகல.) அவங்க ஒரு ஜெராக்ஸ் கட்ட எடுத்து நீட்டுனாங்க. 1924ல சுவிட்சர்லாந்துல டோர்னாக்ங்கற ஊர்ல, நம்ம பிள்ளைங்க மாதிரி சிறப்புக் கவனம் தேவைப்படுற பிள்ளைங்களுக்கு புதுசா ஒரு இல்லம் ஆரம்பிச்ச இளவட்டங்களுக்கு ருடால்ஃப் ஸ்டைனர்ங்கற ஆன்மிகச் சிந்தனையாளர் 12 சொற்பொழிவு குடுத்திருக்கார். கர்மா, சூட்சும உடம்புன்னு அவர் போற எடத்துக்கெல்லாம் என்னால போக முடியல, நெறைய பக்கத்த தாண்டிட்டேன். ஆனா ரெண்டு விஷயம் ஒட்டிக்குச்சு. ஒண்ணு, புள்ளையோட கோளாறப் பாத்து விருப்பும் வேணாம் வெறுப்பும் வேணாம், அமைதியா ஒரு படத்தப் பாக்குற மாதிரி பாக்கப் பழகுன்னு. ரெண்டாவது, சின்னச் சின்ன விஷயத்துல பக்தி வைன்னு. அந்த வழிய புடிச்சுத்தான் பின்னாடி வியன்னாவுலருந்து தப்பிச்சுப் போன டாக்டர் கார்ல் கோனிக்கும் அவர் கூட இருந்தவங்களும் ஸ்காட்லாந்துல கேம்ப்ஹில்னு, இந்தப் பிள்ளைங்களோட சேந்தே வாழற இல்லத்த ஆரம்பிச்சாங்களாம்.

மாண்டிசோரி அம்மா சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான். ரோம்ல அறிவு வளர்ச்சி குறைவான பிள்ளைங்ககிட்டதான் மொதல்ல வேலை பாத்தாங்க, 1939ல நம்ம அடையாறு வந்து ட்ரைனிங் குடுத்தாங்க, போர் வந்ததும் இத்தாலிக்காரங்கன்னு கட்டுப்பாடு போட, கொடைக்கானல்ல இருந்தாங்க. டீச்சர் மொதல்ல தன்கிட்ட இருக்குற கோபத்தையும் அகந்தையையும் பாக்கணும்ங்கறது அவங்க கட்சி. நான் மூணாவதா ஒண்ணு சேப்பேன், பரிதாபம். நாகலூர் பக்கத்து பையன் ஒருத்தன், கை கொஞ்சம் இழுத்துக்கும், எல்லாரும் ஐயோ பாவம்னு அவன் பைய தூக்கி, டப்பாவ தொறந்து, ஊட்டியே விட்டுருவாங்க. காப்பித் தோட்டத்து வேலைக்குப் போற அவங்கம்மா ஒரு நாள் வந்து, "பாவம் பாக்காதீங்க டீச்சர், வீட்ல சோத்துப் போசிய அவனேதான் தொறக்குறான்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. ஸ்டாஃப் ரூம் கப்சிப்.

இப்ப சாயங்காலம் ஏற்காட்டுலருந்து சேலத்துக்கு பஸ்ல எறங்கும்போது, அந்த 20 கொண்டை ஊசி வளைவு முடியறதுக்குள்ள, அன்னிக்கு ஒரே ஒரு புள்ளைய மட்டும் நெனச்சுப் பாக்குறேன். எப்படி நடந்தான், எந்தக் கையால பென்சில் எடுத்தான், எப்ப நிமிந்தான், அவ்ளோதான், நல்லது கெட்டது ஒண்ணும் சேக்காம. பாதி நாள் அடிவாரம் வர்றதுக்குள்ள தூங்கிருவேன். தூங்காத நாள்ல, மறுநாள் அந்தப் புள்ளைகிட்ட போகும்போது ஏதோ கொஞ்சம் எடம் இருக்குற மாதிரி இருக்கு, எப்படி சொல்றதுன்னு தெரியல.

நம்ம ஃப்ரெண்டு சோடாபுட்டி கேட்டது மட்டும் உறுத்துது. "மனசப் பக்குவப்படுத்துங்கன்னு சொல்லி, ஆள் போடாம தப்பிச்சுக்குவாங்கடி"ன்னா. 2022ல தொடக்கப்பள்ளிக்கு 10 பிள்ளைக்கு ஒரு சிறப்பு ஆசிரியர்னு விதியே வந்துருச்சு, நான் இங்க ஊர் ஊரா மலையில அலையறேன், சம்பளம் தொகுப்பூதியம். அவ சொல்றது நியாயம். ஆள் பத்தாத எடத்துல உள்ளுக்குள்ள பாருன்னு சொல்றது திமிரா தெரியும். அதனால அந்த ஒரு மணி நேரத்துல மொத பத்து நிமிஷம் இந்த விதியத்தான் பேசப் போறேன், மேடைல யாரு மூஞ்சி சுருங்குனாலும் சரி. அப்புறம்தான் நாலாவது கட்டம்.

நீ ஒரு வேலை பண்ணு. உன் ஸ்கூல்ல அந்த சார்ட்ட ஒரு வாரம் ஓட்டிப் பாத்து என்ன வருதுன்னு எழுது, உங்க ஊர்லயும் மானம்தானா இல்ல வேறயான்னு எனக்குத் தெரியணும். ஃபோன்ல சொல்லாத, பாதியில குக்கர் விசில்னு வச்சிருவ. சேலம் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு வந்தா தட்டுவடை செட் என் செலவு, போன தடவ மாதிரி காரம்னு அழுதா தண்ணி கெடையாது.

இப்படிக்கு,
உன் முட்டக்கண்ணி