நான்காம் வகுப்புக்கு எதற்கு அட்வெர்ப் வரையறை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேப்பனப்பள்ளி பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். அட்வெர்ப், அதாவது ஒரு செயல் எப்படி நடக்கிறது என்பது போன்றவற்றைச் சொல்லும் வினையடை, என்றால் என்ன என்று கேட்டால் எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் வரையறையை மூச்சு விடாமல் ஆங்கிலத்திலேயே ஒப்பிப்பார்கள். சரி, மெதுவாக நட என்பதை ஆங்கிலத்தில் சொல்லு பார்ப்போம் என்றால் யாரும் வாய் திறப்பதில்லை. இந்த வரையறை மனப்பாடத்தைத் தொடக்கப்பள்ளியில் அடியோடு நிறுத்த வேண்டும், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்கும் தமிழக அரசு 2022-ல் கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் சின்ன வகுப்புகளுக்குப் பாட்டு, விளையாட்டு, செயல்பாடு என்று எவ்வளவோ கொடுத்திருக்கிறார்கள், பிள்ளைகளும் ஆசையாகச் செய்கிறார்கள். இலக்கணம் என்று வந்ததும் மட்டும் ஏன் எல்லோரும் கரும்பலகைக்குத் திரும்பிவிடுகிறோம்?

விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய டம்ளரை ஒரு பிள்ளையிடம் கொடுத்து, கேரி இட் கேர்ஃபுல்லி என்று சொல்லிக் கதவு வரை நடக்க விடுங்கள். நாக்கைக் கடித்துக்கொண்டு, டம்ளரை விட்டுக் கண்ணை எடுக்காமல் அது அடி வைக்கிற அழகைப் பார்க்கிற மற்ற பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லுக்கு அர்த்தமே சொல்ல வேண்டாம். அப்புறம் அடுத்த பிள்ளையிடம் க்விக்லி என்று சொல்லுங்கள், தண்ணீர் தரையெல்லாம் சிந்தும், வகுப்பே கத்தும். ஹவ் டிட் ஷி வாக் என்று கேட்டால் பேசாத பிள்ளை கூடப் பதில் சொல்லும்.

எங்கள் மாவட்டத்தில் இன்னொரு வசதியும் உண்டு. வேப்பனப்பள்ளி, ஓசூர், தளி பக்கமெல்லாம் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீட்டுப் பிள்ளைகள் நிறைய. தமிழில் வேகமாக, தெலுங்கில் வேகங்கா, கன்னடத்தில் வேகவாகி. சொல்லின் கடைசியில் ஒரு வால் ஒட்டினால், ‘எப்படி?’ என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும் என்பது மூன்று மொழிப் பிள்ளைக்கும் ஏற்கெனவே தெரியும். ஸ்லோ, ஸ்லோலி என்று தொடங்க இதைவிட நல்ல இடம் ஏது? வீட்டு மொழியை வகுப்பில் பேசாதே என்று அதட்டுகிற பழக்கத்தால் இதையெல்லாம் வீணாக்குகிறோம் என்று எனக்கு உண்மையாகவே வருத்தம்.

சிக்கல் வருகிற இடங்களும் எனக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் லி ஒட்டினால் போதும் என்று பழகிய பிள்ளை ஃபாஸ்ட்லி என்று எழுதும், ஹார்ட் என்பதை ஹார்ட்லி ஆக்கி, நன்றாக உழைக்கிறவரை வேலையே செய்யாதவராக்கிவிடும், அட்வெர்பே அல்லாத ஃப்ரெண்ட்லியையும் இந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடும். அதைவிடப் பெரிய தொல்லை சொல்லின் இடம். நன்றாகப் பாடுகிறாள் என்று சொல்லிப் பழகிய நாக்கு ஷி வெல் சிங்ஸ் என்றுதான் முதலில் சொல்லும், அது இயல்பு. இதற்கு விதி சொல்லிப் பயனில்லை. ஷி சிங்ஸ் வெல், ஹி ரன்ஸ் ஃபாஸ்ட் என்று முழு வாக்கியமாகவே தினமும் காதில் விழ வேண்டும், வாயில் வர வேண்டும். விதிவிலக்குகளை ஆறாம் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம், ஒன்றும் குடிமுழுகிவிடாது.

தேர்வில் அட்வெர்பை அடிக்கோடிடுக என்று கேட்கிற வரைக்கும் ஆசிரியர்களும் அடிக்கோடு போடத்தான் பழக்குவார்கள். லி-யில் முடிகிற சொல்லைத் தேடிக் கோடு போட ஆங்கிலமே தெரிய வேண்டியதில்லை. அந்த மதிப்பெண்ணை வாய்மொழிக்கு மாற்றுங்கள்: பிள்ளை ஒரு செயலைச் செய்யட்டும், எப்படிச் செய்தது என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லட்டும். அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களிலும் படிவம் நிரப்புவதைப் பற்றிப் பேசுவதோடு, இப்படி ஒரு பாடத்தை எங்களுக்கு நடத்திக் காட்டினால் புதிதாக வருகிற ஆசிரியர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். வரையறை சொல்லு என்று பிள்ளையை நிற்க வைக்காதீர்கள். இன்றைக்கு எப்படி ஓடினாய், எப்படிச் சாப்பிட்டாய் என்று கேளுங்கள். தெலுங்கில் சொன்னாலும் சரி, கன்னடத்தில் சொன்னாலும் சரி, மறுநாள் வகுப்பில் அதை ஆங்கிலத்தில் சொல்ல நாங்கள் பழக்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓர் இடைநிலை ஆசிரியை,
கிருஷ்ணகிரி மாவட்டம்.